நாரை கால் மாற்றும் நேரம்

பிள்ளைகளின் ஞானப்பாட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே, வலப்பக்கம் ஒதுங்கினாற்போல், பொடி எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். எழுதியவர் பெயர். அதை யாரும் படிப்பதில்லை. பாடுகிற பிள்ளைக்கு அது தேவையில்லை, சொல்லிக்கொடுக்கிறவளுக்கு நேரமில்லை. நான் அறிந்தவரையில், அந்தப் பெயரை முதலில் படித்துவிட்டு அப்புறம்தான் பாட்டுக்கு வந்த ஆள் ஒருவர்தான். எங்கள் சபையைச் சேர்ந்த ஆயில் இன்ஜின் மெக்கானிக். படப்பையிலிருந்து சேரப்பணஞ்சேரி போகிற வழியை ஒட்டிய ஓர் ஊர். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன், அவர் பெயரையும் சொல்லமாட்டேன். காரணம் இருக்கிறது.

புத்தகம் கைக்கு வந்ததும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொள்வார். கிரீஸ் ஏறிய நகத்தால் பெயரைத் தொட்டுக்கொண்டே தீர்ப்பு சொல்ல ஆரம்பிப்பார்.

"இந்தாளு உபதேசியாரா இருந்துருப்பாரு டீச்சரம்மா. ரெண்டாவது அடியிலயே புத்தி சொல்ல கெளம்பிட்டாரு பாருங்க." பக்கத்தைத் திருப்புவார். "இந்தம்மா வெள்ளக்காரி. தமிழு தடுக்குது. ஆனா பசங்க மூச்சு தெரிஞ்சவங்க. தொட்டில் ஆட்டின கை இது." இன்னொரு பக்கம். "இவரு பாட்டுல கஞ்சி ஜாஸ்தி. வெறப்பா நிக்குது, மடங்கவே மாட்டேங்குது."

அவர்களெல்லாம் செத்து எத்தனையோ காலமானவர்கள். சிலர் கப்பலில் வந்தவர்கள், சிலர் எந்த ஊர் என்றே தெரியாதவர்கள். இவர் பேசுகிற தோரணையில் படப்பை மார்க்கெட்டில் எதிர்க்கடை போட்டிருக்கிற மெக்கானிக்குகள் என்றுதான் தோன்றும். "ஆளே இல்லாதவங்க மேல எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு கோவம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆளு இல்லன்னா இன்னா, அவங்க வேல கீதே" என்றார்.

சில பாட்டுகளுக்குக் கீழே பெயர் இருக்காது. அந்தப் பக்கம் வந்தால் மட்டும் வாய் அடைத்துவிடும். பெயர் இருக்கவேண்டிய வெற்றிடத்தில் விரலை ஒருதரம் ஓட்டுவார், பக்கத்தைத் திருப்பிவிடுவார். ஏன் இதற்கு மட்டும் ஒன்றும் சொல்வதில்லை என்று துருவிக் கேட்டபோது, "இதுக்கும் ஒருத்தன் இருந்துருக்கான் இல்ல? அவனுக்கு இன்னா ஆச்சோ" என்றார். அவ்வளவுதான் பதில்.

நான் தெற்கத்திக்காரி. அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த ஊர் மிஷன் பள்ளிக்கு வேலைக்கு வந்தேன். ஞாயிறு பள்ளியும் என் தலையில்தான் விழுந்தது. பாட்டு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வது; எங்கள் பக்கத்துக் கோயிலில் நான்கு குரலாகப் பிரித்துப் பாடுவோம். இங்கே எல்லோரும் ஒரே குரலில், அவரவருக்குத் தோன்றிய வேகத்தில். முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் குள்ளமாக ஒருவர் என் எதிரே வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, காலரில் மட்டும் எண்ணெய்க் கறை.

"நீங்கதான் புது டீச்சரா? ரெண்டாவது பாட்டு எப்பிடி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"நான் கட்டினது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணாச்சி, அத எங்க தாத்தா பாடிக் கேட்டு வளந்தவ நான்."

அவர் அசரவில்லை. "பாட்டு பழசுதாங்க. மூணாவது அடியில ஒரு வளைவு வருதுல்ல, அது என்னுது."

வீட்டுக்குப் போய், தாத்தா பாடினதையும் இங்கே பாடினதையும் பாடிப் பார்த்தேன். வளைவு இருந்தது. கடுப்பாக இருந்தாலும் சொல்கிறேன், நன்றாகவும் இருந்தது.

அன்றே ஆளைப் புரிந்துகொண்டேன். காதில் விழுகிற எதிலும் அவருக்கு ஒரு பங்கு இருக்கும். மண்ணூர்க் கல்யாணத்தில் பேண்டு வாசித்தால், அது அவர் சீட்டியடித்ததைக் கேட்டு எடுத்தது. தாம்பரம் பஸ்ஸின் ஹாரன் ஒரு தினுசாக இழுத்தால், "டிரைவரு நம்ம ஷெட்டுல தண்ணி புடிக்க வருவான், கேட்டுகினு போயிட்டான்" என்பார். ஊரில் எல்லோரும் அவரைச் சீண்டுவார்கள். "குயிலுக்கும் நீதான் சொல்லிக்குடுத்தியாப்பா?" என்று ஒருநாள் யாரோ கேட்டதற்கு, "அதுக்கு யாரு சொல்லிக்குடுத்ததுன்னுதான் ஒரு பாட்டு எழுதிகினு கீறேன்" என்று பதில் வந்தது. பாட்டு நிஜமாகவே அடுத்த மாதம் வந்தது.

பெரியவர்களுக்கு அவர் பாட்டுக் கட்டியதே இல்லை. "அதுங்க வாய மட்டும் அசைக்கும். பசங்கதான் பாடும்" என்பார். அவருடைய சொந்தப் பிள்ளைகள் மூன்று பேர், ஒன்றுக்கும் சுருதி கிடையாது. அதற்கும் அவர் கவலைப்பட்டதில்லை. ஊர்ப் பிள்ளைகள் போதும் என்று விட்டுவிட்டார்.

பாட்டுக் கட்டுவதெல்லாம் வேலை செய்கிற இடத்தில்தான். அப்போது அந்தப் பக்கம் கிணற்றுக்குக் கிணறு ஆயில் இன்ஜின். சைக்கிள் பாரில் ஸ்பேனர் பை தொங்க, மண்ணூர் வரைக்கும் போய் வேலை பார்ப்பார். இன்ஜினைப் பிரித்து மாட்டி ஓடவிட்ட பிறகு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். இன்ஜின் தடக் தடக் என்று அடிக்க, இவர் வாய்க்குள் முனகிக்கொண்டே திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். ஒரு சின்னப் பிள்ளை கைதட்டிப் பாடுகிற வேகம் வந்ததும் திருகை இறுக்கிவிட்டு எழுந்துவிடுவார். அந்த வட்டாரத்தில் அவர் கை வைத்த இன்ஜின் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடியது.

ஒரு நாள் பள்ளிக்கூடத்துப் பின்வயல்காரர் வரப்பில் நின்று கத்தினார். "யோவ், தண்ணி மூத்தரம் பேயுற மாதிரி வருதுய்யா. வேகமா வைய்யேன்."

"வேகமா வெச்சா பசங்களுக்கு மூச்சு வாங்கும்" என்றார் இவர்.

வயல்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்தேன்.

மூச்சு என்றால் அவருக்கு ஒரு பைத்தியம். புதுப் பாட்டோடு ஞாயிறு பள்ளிக்கு வருவார். என் பிள்ளைகள் கிழிந்த பாயில் மரியாதையாக உட்கார்ந்திருக்கும். வந்ததும் எல்லாரையும் எழுப்பி, கோயிலைச் சுற்றி ஓடச் சொல்வார். ஓடி, வேர்த்து, இரைத்துக்கொண்டு வந்து நிற்கிற பிள்ளைகளை அப்படியே பாடச் சொல்வார். எந்த இடத்தில் நாலு பிள்ளை சேர்ந்து மூச்சு விடுகிறதோ, அந்த இடத்தில் பாட்டை வெட்டுவார். பிள்ளைகளை ஒருநாளும் திருத்தியதில்லை. "சாமி பாட்டுக்கு உடுத்தி அனுப்பின துணியெல்லாம் புழுதி, தாய்மாரு என்னையில்லா ஏசுதாக" என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். "ஓடுற புள்ளதாங்க பாடும். ஒக்காந்த புள்ள தூங்கும்" என்றார். பெரிய ஆராய்ச்சி.

இனி நாரைப் பாட்டுக்கு வருகிறேன். அது பிறந்ததை நான் என் இரண்டு காதால் கேட்டவள்.

மழைக்காலம் முடிந்து ஏரி நிறைந்திருந்த ஒரு காலை. பள்ளிக்கு வரப்பு வழியாக வந்துகொண்டிருந்தேன். அதே பின்வயல் இன்ஜினுக்கு ரிங் மாற்றி ஓடவிட்டு, இவர் பக்கத்தில் குந்தியிருந்தார். கண் ஏரிக்கரை மேல் இருந்தது. அங்கே ஒரு நாரை. முனகல் கேட்டு நின்றேன். மெட்டை முதலில் கீழே இறக்கிப் பார்த்தார், பிடிக்கவில்லை. மேலே ஏற்றினார், தலையை ஆட்டினார், மறுபடி முதலிலிருந்து வந்தார். மூன்றாவது அடி முடிவில் ஒவ்வொரு முறையும் தடுக்கி நின்றார். அந்த நேரத்தில் நாரை நின்ற காலை மடக்கி, மடக்கிய காலை ஊன்றியது. "அடிச்சான் பாரு" என்று தொடையைத் தட்டிக்கொண்டார். என்னைப் பார்த்ததும் எழுந்துகூட நிற்காமல் பாட ஆரம்பித்தார்.

ஏரிக் கரையில் நாரை நிக்குது
ஏனோ ஒத்தக் காலில் நிக்குது
கர்த்தர் தந்த இன்னொரு காலைக்
கவனமாகப் பத்திரம் பண்ணுது

"மூணாவது அடிக்கும் நாலாவது அடிக்கும் நடுவுல ஒரு மூச்சு நிறுத்தினேன் கேட்டீங்களா? அது நாரை கால் மாத்துற நேரம். அங்க யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

எனக்கு எதையாவது குறை சொல்லாமல் இருக்க முடியாது. "பத்திரம் பண்ணவா கர்த்தர் கால் குடுத்தாரு? நடக்கல்லா குடுத்தாரு?"

"நடக்கச்ச ரெண்டையும் வெக்கும். சும்மா நிக்கச்ச எதுக்குங்க ரெண்டு?"

வேத சாஸ்திரம் படித்த ஐயராலேயே அதற்குப் பதில் சொல்லியிருக்க முடியாது. எங்கள் போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். அவருக்கும் பாட்டு பிடித்துப்போயிற்று. அடுத்து தவளைக்கு ஒரு கண்ணி, நண்டுக்கு ஒன்று, கடைசியில் நமக்கு ஒன்று என்று பாட்டு வளர்ந்தது. ஒற்றைக்காலில் நின்று பாடவேண்டும், நிறுத்துகிற இடத்தில் கால் மாற்றவேண்டும். இதற்குமேல் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும்? மே மாத விடுமுறை வகுப்பில் சபைப் பிள்ளைகள், கோயில் பக்கமே வராத வீட்டுப் பிள்ளைகள், பொரிவெல்லத்துக்காக வந்த பிள்ளைகள் எல்லாம் நாரையாக நின்றன. அதில் பம்பைக்காரரின் இரண்டு பெண்களும் இருந்தார்கள். அம்மன் கோயில் தெருவில் இருந்த அந்த மனிதர்தான் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் ஆடி மாதத்தில் பம்பை அடித்து, உடுக்கை பிடித்து, அம்மனை அழைத்துப் பாடுகிறவர்.

அந்த வருஷம்தான் டவுனிலிருந்து ஐயருக்குத் தகவல் வந்தது. சபைகளுக்கெல்லாம் சேர்த்துப் பிள்ளைகளுக்குப் புதிதாக ஒரு பாட்டுப் புத்தகம் போடுகிறார்கள். கிராமத்துச் சபைகளில் பாடுகிற பாட்டுகளையும் சேர்க்கப்போகிறார்கள். இரண்டு பேர் நேரில் வந்து கேட்டுவிட்டு எடுத்துப்போவார்கள். ஒவ்வொரு பாட்டுக்குக் கீழேயும் கட்டினவர் பெயர் அச்சாகும்.

இதைக் கேட்டதும் மனிதர் பீற்றிக்கொள்வதை நிறுத்திவிட்டார். எனக்கே பயமாகிவிட்டது. அப்புறம் மெதுவாக என்னிடம் வந்து கேட்க ஆரம்பித்தார். இனிஷியல் முன்னால் வருமா, பின்னால் வருமா? பேரோடு மெக்கானிக்கு என்றும் போடுவார்களா? ஷெட் சுவரில் சாக்கட்டியால் தன் பெயரைப் பெரிதாக, சிறிதாக, சாய்வாக எழுதிப் பார்த்திருந்தார். "சுவருக்கு வெள்ளையடிக்க யாருட்ட துட்டு இருக்கு?" என்று கேலி செய்தேன். படப்பையில் சட்டை தைக்கக் கொடுத்தார், கிறிஸ்துமஸ் இல்லாத மாதத்தில். அவர் வீட்டம்மாவே வந்து என்னிடம் இந்த அதிசயத்தைச் சொன்னார்கள். செத்துப்போன உபதேசியார், தமிழ் தடுக்குகிற வெள்ளைக்காரி இவர்கள் பெயருக்கு நடுவே ஒரு பக்கத்தில் தன் பெயரும் இருக்கவேண்டும். அந்த மனிதருக்கு ஆயுசில் இருந்த ஆசை அது ஒன்றுதான்.

ஆடி வந்தது. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை. வேப்பமரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் நேராக எங்கள் கோயில் சன்னலைப் பார்த்து இருந்தது. ஐயர் ஜெபத்தில் இருந்தார். பம்பை அதிர்ந்தது, உடுக்கை படபடத்தது, பம்பைக்காரரின் குரல் எழுந்து அம்மனைக் கூப்பிட்டது. நாரைப் பாட்டு மெட்டில்.

முன்வரிசையில் இருந்த என் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டே தங்களை அறியாமல் கூடச் சேர்ந்து முனகின. மூன்றாவது அடி முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக நிறுத்தின. குழாய் நிறுத்தவில்லை, உடுக்கையை உருட்டிக்கொண்டு அடுத்த அடிக்குப் போய்விட்டது. ஜெபம் முடிவதற்குள் சபை முழுவதும் திரும்பி மெக்கானிக்கைப் பார்த்தது. அந்த ஆள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "முழுங்கிட்டான்" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

வெளியே வந்ததும் சபை மூப்பர் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர்தான், ஆனால் எதற்கும் பயப்படுகிறவர். "அம்மன் மெட்ட எடுத்தாந்து நம்ம பசங்க வாயில போட்டுட்டியேப்பா. டவுன்ல இருந்து வர்றவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

"அது என்னுதுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பேண்டு வாத்தியமும் பஸ் ஹாரனும் தன்னுடையது என்று சொன்ன வாய் அல்லவா? வயல் வயலாகப் போகிறவர், எங்கேயோ கேட்டு எடுத்திருக்கிறார் என்று அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது. அவர் இன்னொரு தடவை, "நெசமாவே என்னுதுங்க" என்றார். சிரிப்பு அதிகமாயிற்று.

மறுநாள் பள்ளி விட்டதும் நேரே ஷெட்டுக்குப் போனேன். பிறந்ததைப் பார்த்தவள் நான், ஐயரிடம் வந்து சொல்கிறேன் என்று சொல்லத்தான் போனேன். எனக்கு முன்னால் பம்பைக்காரர் வந்து நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான ஆள், இடுப்பில் இன்னும் மஞ்சள் வேட்டி.

"எங்க பொண்ணுங்க ரெண்டும் வூட்டுல அதையேதாண்ணா பாடிகினு கெடந்துச்சுங்க. காதுல ஒட்டிகிச்சு. ஆத்தாவக் கூப்புடச்ச தானா வாயில வந்துடுச்சு. உன்னுதுன்னு சத்தியமா தெரியாது." துண்டை முறுக்கிக்கொண்டே நின்றார். "உங்க ஐயருகிட்ட நானே வந்து சொல்லிடறேண்ணா."

மெக்கானிக் கையில் இருந்த பிஸ்டனைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "சொல்லிட்டு?"

பம்பைக்காரர் துண்டை இன்னொரு சுற்று முறுக்கினார்.

"ஆத்தாளுக்கு சர்ச்சு மெட்டுல பாடினான்னு ஊருல பேசிக்குவாங்க. அப்பால அடுத்த ஆடிக்கு எவன்டா உன்னக் கூப்புடுவான்? பம்பைய வுட்டா உனக்கு இன்னா தெரியும்? வாயத் தொறக்காத, போ."

"உன் பேரு போவுதேண்ணா."

"அத நான் பாத்துக்கறேன்." பிஸ்டனைக் கீழே வைத்தார். பிறகு, கேட்கலாமா கூடாதா என்று யோசித்தவர்போல் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலை இறக்கிக் கேட்டார். "ஆத்தா வந்துச்சா?"

"வந்துச்சுண்ணா. நாலஞ்சு பேருமேல வந்துச்சு. எந்த வருசமும் அவ்ளோ சீக்கிரத்துல வந்ததில்ல."

அப்போது மெக்கானிக்கின் முகத்தில் வந்த பெருமையை நான் பார்க்காததுபோல் இருந்துகொண்டேன். சபையில் திருவிருந்து வாங்குகிற மனிதர், பாவம். அடுத்த நிமிஷமே கோபம் வந்துவிட்டது. "ஆனா மூணாவது அடில உனக்கு இன்னாடா அவசரம்? அங்க நிறுத்தணும். நாரை கால் மாத்த வேணாமா?"

"ஆத்தா எறங்கச்ச நிறுத்த முடியாதுண்ணா."

"பாட்டு தெரிஞ்சவன் நிறுத்துவான்" என்றார் இவர்.

டவுன்காரர்கள் இருவரும் வந்தது ஆடி முடிந்த அடுத்த ஞாயிறு. ஆராதனைக்குப் பிறகு கோயிலுக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். ஐயர், மூப்பர், சபையார் கொஞ்சம் பேர், ஓரத்தில் பிள்ளைகளோடு நான். இவர் புதுச்சட்டையில், தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, யார் வீட்டு மாப்பிள்ளையோ போல உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் பாடின. கால் மாற்றுகிற இடத்தில் டவுன்காரரில் இளையவர் வாய்விட்டுச் சிரித்து, "இது கட்டாயம் வேணும்" என்று எழுதிக்கொண்டார். அப்போது மூப்பர் எழுந்து, நடந்ததைச் சொன்னார். மெட்டு அம்மன் பாட்டு மெட்டு என்று பேச்சு வந்திருக்கிறது, நாளைக்குச் சபைக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்றார்.

டவுன்காரரில் மூத்தவர் இவர் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க. மெட்டு உங்களுடையதா?"

ஆயுசு முழுவதும் கேட்காமலே பதில் சொல்லிக்கொண்டிருந்தவரிடம், முதல் தடவையாக ஒருவர் மரியாதையாகக் கேட்கிறார். இவர் புதுச்சட்டையின் கை மடிப்பைப் பார்த்தார். பிரித்து மடித்தார்.

"இல்லீங்க. அம்மன் மெட்டுதான். வயக்காட்டுல கேட்டேன், எடுத்துகினேன்."

நான் எழுந்துவிட்டேன். வாயைத் திறந்துவிட்டேன். அவர் என் பக்கம் திரும்பி, எப்போதும்போன்ற குரலில் சொன்னார்: "டீச்சரம்மா, பசங்களுக்கு ரொட்டி குடுக்கணுமே. வெளிய எறும்பு ஏறிடப் போவுது."

பம்பைக்காரர் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றது கண்ணில் வந்தது. வெளியே போனேன். ரொட்டியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேனா வீசினேனா தெரியாது. அவ்வளவு கோபம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. யார்மேல் கோபம் என்று தெரியாததால் அது இன்னும் அதிகமாயிற்று.

உள்ளே முடிவு செய்தார்கள். பிள்ளைகள் எல்லோருக்கும் பாட்டு தெரிந்துவிட்டது, இளையவரும் விட மறுக்கிறார், அதனால் பாட்டு இருக்கட்டும். எடுத்துக்கொண்டேன் என்று சொல்கிறவரின் பெயரைக் கட்டினவர் என்று போட முடியாது, அதனால் பெயர் வேண்டாம். இவர் "சரிங்க" என்று சொல்லி, டவுன்காரர்களின் பையைத் தூக்கிப்போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

ரோட்டில் வைத்துப் பிடித்தேன். "ஊருல உள்ள பொய்யெல்லாம் கூசாமச் சொன்னீங்க. ஆயுசுல ஒரு தடவ நெசம் உங்க பக்கம் நின்னுச்சு. அதப் போயி இல்லன்னு சொல்லுதீங்களே, அண்ணாச்சி."

"அவனுக்கு ரெண்டு பொண்ணு கீது டீச்சரம்மா."

நான் முன்னால் நடந்தேன். கொஞ்சதூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தவர், தானாகவே நிமிர்ந்துகொண்டார். "பேரு போட்டா ஒரு எடத்துல ஓடும். போடலன்னா ரெண்டு எடத்துல ஓடும். அந்த உபதேசியாரு பாட்டு ஏதாவது ரெண்டு எடத்துல ஓடுதா, சொல்லுங்க?"

புத்தகம் அச்சாகி வந்த நாளில் நான்தான் ஷெட்டுக்கு எடுத்துப்போனேன். கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். பெயர், அப்புறம் பாட்டு. ஒருவருக்குக் கஞ்சி ஜாஸ்தி, ஒருவர் தேவலாம், இன்னொருவரைப் பார்த்து "யாரு இவரு, கெட்டிக்காரரா கீறாரே" என்றார். நாரைப் பாட்டு வந்தது. அடிகளை மெதுவாகப் படித்தார். அச்சுக்காரர்கள் மூன்றாவது அடிக்குப் பிறகு இடைவெளிக்கு ஒரு கோடு போட்டிருந்தார்கள், அதைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கீழே, வலப்பக்கத்து வெற்றிடத்தில் விரலை ஒருதரம் ஓட்டினார். பக்கத்தைத் திருப்பினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

உரிமையை விட்டுக்கொடுத்தாரே தவிர, தாளத்தை விடவில்லை. ஒவ்வொரு ஆடியிலும் அம்மன் கோயில் தெருமுனையில் சைக்கிள் சங்கிலி கழன்றதுபோல் குனிந்து நிற்பார். மூன்றாவது அடி வரும்போது ஒரு கை மட்டும் மேலே எழும்பி, நிறுத்து நிறுத்து என்று காட்டும். பம்பைக்காரர் அந்தப் பக்கமே பார்க்கமாட்டார். மறுநாள் இவர் என்னிடம் வந்து புலம்புவார். "இந்த வருசமும் முழுங்கிட்டான் டீச்சரம்மா. வேற எவனாவது கட்டின மெட்டா இருந்தா நான் கேப்பனா?"

கரண்டு வந்து கிணற்றுக்கெல்லாம் மோட்டார் போட்டார்கள். "இதுல தாளமே இல்ல, சும்மா ஒப்பாரி வெக்குது" என்று திட்டிக்கொண்டே மோட்டார் காயிலுக்குச் செம்புக் கம்பி சுற்றக் கற்றுக்கொண்டு, முன்னைவிட நன்றாகச் சம்பாதித்தார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் முதலில் வந்த கம்பெனிகளில் ஒன்று ஷிப்டுக்குச் சங்கு ஊதியபோது, நின்று கேட்டுவிட்டு, "நம்ம குயில் பாட்டு ரெண்டாவது அடி" என்றார். ஆளைத் திருத்த முடியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில், நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டார். இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போது, அவர் பெயரை இரண்டு இடத்தில் எழுதிவிட்டு அடித்தேன். பம்பை இப்போது பம்பைக்காரரின் மருமகன் கையில் இருக்கிறது, அதே ஊர்கள் கூப்பிடுகின்றன, அதே மெட்டுதான். விட்டுக்கொடுத்த பெயரை அவருக்குத் திருப்பி வாங்கிக்கொடுக்க நான் யார்?

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் பிள்ளைகளைப் பாட வைத்தேன். சாவுக்கு நாரைப் பாட்டா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. நான் கேட்கவில்லை. மதில் சுவருக்கு வெளியே பம்பைக்காரர் நின்றார், தலையெல்லாம் நரைத்திருந்தது. கையில் பம்பை இல்லை. பாட்டு தொடங்கியதும் அவர் விரல்கள் தொடையில் தாளம் போட ஆரம்பித்தன, பழக்கதோஷம். ஏரிக்கரை போயிற்று, ஒற்றைக் கால் போயிற்று, கர்த்தர் தந்த இன்னொரு கால் வந்தது. நான் குழியைப் பார்க்கவில்லை, அந்த விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகள் நிறுத்தின. விரல்களும் நின்றன.